காமன் பொட்டலுக்குக் கதவு வேண்டாம்

அந்தக் கார் நின்றிருந்த இடம்தான் பிரச்சினை.

காமன் பொட்டலின் நடுவில், மாசி மாதம் நாங்கள் கம்பம் நடும் குழிக்குள் அதன் முன்சக்கரம் இறங்கியிருந்தது. குழியைச் சுற்றி வட்டமாக வைத்திருந்த கற்கள் சிதறிக் கிடந்தன. காரின் மூக்குக்கு நேரே, ஈரப்புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் மாணிக்கம். பின்னால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்கள் பாதிப்பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இன்னும் தேயிலைக்கு மேல் படுத்திருந்தது. நான் கவுன்சிலராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேர்தலில் நின்ற கூத்தைத்தான் இந்தத் தொடரில் முன்பே சொல்லிவிட்டேனே. கொழுந்து பறித்த கையில் திடீரென்று ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்த காலம்.

காருக்குள் ஒரு இளம் தம்பதி. பின் சீட்டில் ஒரு வயதான அம்மாள். அந்தப் பையன் கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கினான்.

"தெரியாம வந்துட்டோம் மேடம். மேப்புல வியூ பாயிண்ட்னு போட்டிருந்துச்சு."

எவனோ ஒருவன் இங்கே வந்து, மேகம் கீழே ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டதிலிருந்து வந்த வினை இது. அதற்கு முன் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டால்கூடப் பாதிப் பேருக்குப் பொட்டல் எங்கே என்று தெரியாது.

"மாணிக்கம், எந்திரி. பேசிக்கலாம்" என்றேன்.

"எந்திரிக்க மாட்டேன்க்கா. போன வாரம் இங்கன அடுப்பு வச்சு கறி சுட்டானுங்க. அதுக்கு முந்தி பாட்டில ஒடச்சுப் போட்டானுங்க. இன்னிக்குக் குழியிலயே டயர எறக்கிட்டானுங்க. நாளைக்கு என்னா, கம்பத்துலயே கார கட்டுவானுங்களா?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலை நனைந்து குளிர் தொடையில் ஏறியது. இரண்டு பேரும் காருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. அந்த அம்மாள் இறங்கினார். இறங்கியதும் செருப்பைக் கழற்றினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து, சிதறிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டி, வட்டத்தில் திரும்ப வைக்க ஆரம்பித்தார். முதுகுவலிக்காரர் போலிருக்கிறது, ஒவ்வொரு கல்லுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் தானாக அடங்கியது. மாணிக்கம் எழுந்து, "விடுங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று அவர் கையிலிருந்த கல்லை வாங்கினான். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து காரைத் தூக்கித் தள்ளிவிட்டார்கள்.

பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த அம்மாளைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன். அவரையும் பாட்டில் உடைத்தவனையும் ஒரே கயிற்றில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. பிற்பாடு நான் பிடித்த பிடிவாதத்துக்கெல்லாம் தொடக்கம் அங்கேதான்.

சாவியை நான் வாங்கவில்லை

அன்று மத்தியானமே மாணிக்கமும் ஆட்களும் வழியை அடைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டில் பஸ் திரும்பும் இடத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருக்கிறது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு மண்பாதை மேலே ஏறும். ஜீப் போகும் அகலம். ஏறி முடிந்தால் பொட்டல். பொட்டலைத் தாண்டி அந்தப் பாதையே மறுபக்கம் சரிந்து பணியர் குடியிருப்பான பாடிக்குப் போகும். பணியர்கள் நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மலையில் இருப்பவர்கள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு, குறுக்கே தடித்த சங்கிலி போட்டு, உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

"அக்கா, சாவி ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்க கையில இருக்கட்டும்" என்று நீட்டினான் மாணிக்கம்.

"எனக்கு வேணாம்."

"ஏன்க்கா?"

"இன்னிக்கு சாவி ஒன் கையில இருக்கு. நாளைக்குத் தோட்டத்துக்காரங்க வந்து, பூட்டு நல்லாத்தான் இருக்கு, சாவியக் கொடுன்னா என்னா செய்வ? பூட்டு வந்துருச்சுன்னா சாவி நம்மகிட்டயே இருக்கும்னு நினைக்காத."

"அப்ப வர்றவனெல்லாம் வந்து மூத்திரம் அடிச்சிட்டுப் போகட்டுமா?"

அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் சாவியை வாங்கவில்லை.

அம்மா உட்கார்ந்த புல்

அந்தப் பொட்டல் எப்படி எங்களுக்குக் கிடைத்தது என்று சொன்னால்தான் நான் ஏன் பூட்டுக்கு அப்படிப் பயந்தேன் என்பது புரியும்.

சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நாங்கள். மண்டபம் முகாம், ரயில், பிறகு லாரி. லாரியிலிருந்து இறக்கிவிட்டபோது எனக்கு நடக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். புதிதாகப் போட்ட லயம், சுற்றிலும் தேயிலை, கால் வைத்த இடமெல்லாம் அட்டை.

முதல் மாசி வந்தபோது காமன் கூத்துக்கு இடம் தேடினார்கள். சிலோனில் தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கோயில் இருந்தது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் ஆமணக்குக் கொம்பும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் கம்பம் நட்டு, பௌர்ணமி வரை ரதியும் மதனும் ஆடி, கடைசியில் மதனை எரித்து, மறுபடி உயிர் எழுப்ப வேண்டும். சொந்த ஊர் எது என்று தெரியாமல் போன ஆட்களுக்கு அந்தக் கம்பம்தான் ஊர்.

மேலே பாறையும் புல்லுமாக, தேயிலை பிடிக்காத ஒரு மொட்டை மேடு இருந்தது. அங்கே நட்டார்கள். மறுநாள் காலை தோட்டத்து வாட்ச்மேன் கம்பத்தைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்திருந்தான்.

அன்று பெண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பொட்டலுக்கு ஏறிப்போய் உட்கார்ந்தார்கள். அம்மா மடியில் நான் இருந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படுதாவின் ஈர வாடையும், காலில் அட்டை ஏறாமல் இருக்க அம்மா தேய்த்துவிட்ட புகையிலைச் சாற்றின் எரிச்சலும் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அல்லது அம்மா சொல்லிச் சொல்லி ஞாபகமாக ஆகிவிட்டதோ என்னவோ.

மத்தியானம் தோட்டத்து மேனேஜர் தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். கொழுந்து முற்றிவிடும், வேலைக்கு வாருங்கள் என்றார். அம்மா கூட்டத்தில் பேசி அறியாதவள். அன்று அவள்தான் முதலில் பேசினாளாம்: "கம்பத்த நட்டுட்டு வந்திர்றோம் தொரை."

 யாரும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவர், "சரி, நட்டுக்குங்க" என்று கையை வீசிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியிலும் அங்கே கம்பம் நிற்கிறது.

ஒரு வாட்ச்மேனை எதிர்த்து உட்கார்ந்து வாங்கிய இடத்துக்கு நாமே ஒரு வாட்ச்மேன் வைப்பதா? இதுதான் என் கேள்வி.

ரதியின் ஜீப்

மாணிக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவனை முரடன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவனுக்கு ஜீப் ஓட்டுவதுதான் பிழைப்பு. பெரிய மீசை வைத்திருப்பான். தை முடிந்ததும் மீசையை மழித்துவிடுவான். ஏனென்றால் எங்கள் கூத்தில் பத்திருபது வருஷமாக ரதி அவன்தான். மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் கட்டத்தில், ஆறடி உயர ஜீப் டிரைவர் தலைவிரி கோலமாகப் புழுதியில் விழுந்து அழும்போது, தப்பு மேளம் அடிப்பவர்களுக்கே கை தளர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் எதற்கும் அழாதவர். அந்த இடத்தில் மட்டும் துண்டைத் தேடுவார்.

சுற்றுலா ஆட்கள் வந்தால் மாணிக்கத்துக்குச் சவாரி கிடைக்கும். அப்படியிருந்தும் வழியை அடைத்தவன் அவன். அதனால்தான் அவனிடம் எனக்குக் கோபத்தைவிட மரியாதை அதிகம் இருந்தது. ஆனாலும் சங்கிலி சங்கிலிதான்.

சுவரில் விழுந்த படம்

இதற்குள் பொட்டலின் பெயர் நகராட்சி வரை போய்விட்டது. அதைச் சுற்றுலா இடமாக்க ஒரு திட்டம் தயாராகிறது என்று கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் வந்திருந்தாள். கட்டட, நில அமைப்புத் திட்டங்கள் போடுகிற வேலை. விளக்கை அணைத்துச் சுவரில் படம் போட்டாள். எங்கள் பொட்டல் அடையாளமே தெரியவில்லை. பெரிய நுழைவு வளைவு, இரும்புக் கதவு, டிக்கெட் கவுன்ட்டர், சுற்றிலும் கம்பி வேலி, சிவப்புக் கல் பதித்த நடைபாதை, கண்ணாடித் தரையுள்ள மேடை. மாலை ஐந்து மணிக்கு மூடல்.

"கம்பம் எங்கம்மா நடுறது?" என்று கேட்டேன்.

"இதோ, கல்ச்சுரல் ஸ்டேஜ் இருக்குதுங்க்கா. அதுல இரும்புல ஒரு ஸ்டேண்டு வெச்சுக்கலாமுங்க. வேணுங்கறப்ப எடுத்து வெச்சுக்கலாம்."

"மண்ணுலதான்மா நடணும்."

 கிண்டல் இல்லாமல், "ஏனுங்க்கா?" என்று கேட்டாள்.

"நட்டாத்தான் அது உசுரு. ஸ்டேண்டுல வச்சா அது கொம்பு."

கமிஷனர் குறுக்கிட்டார். நல்ல மனிதர்தான். எல்லாவற்றுக்கும் ஒரு விடை வைத்திருப்பவர்.

"கூத்துக்கு அனுமதி கேட்டா கொடுத்துடப் போறோம்மா. ஊருக்கும் வருமானம் வரும்."

"அம்பது வருஷமா யாருகிட்டயும் அனுமதி கேக்காம ஆடுறோம் சார். இனிமே கேட்டு ஆடச் சொல்றீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வேண்டாம்னு சொல்றது சுலபம். ஜனங்க வரத்தான் போறாங்க, அத நீங்களும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது. சரி, என்ன வேணும்னு சொல்லுங்க. அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி கொண்டு வாங்க."

அந்தக் கேள்வி நியாயமானது. பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்பதற்கு எங்களிடம் ஆயிரம் வாய் இருந்தது. வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

நாற்காலியில் வந்தவள்

யோசிக்க வைத்தது வேறொரு சம்பவம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். கொட்டகைப் பக்கம் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சங்கிலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப். டிரைவர் சொன்னார், பணியர் பாடியில் மாதியின் மருமகளுக்கு வலி கண்டுவிட்டதாம், அழைத்துப்போக வந்திருக்கிறாராம்.

மாதி எனக்கு நன்றாகத் தெரிந்தவள். ஒரே மலையில் பல வருஷம் கொழுந்து பறித்திருக்கிறோம்.

சாவி இரண்டும் மாணிக்கத்திடம். மாணிக்கம் சவாரியில் கூடலூர் போயிருந்தான். போன் போகவில்லை. டிரைவரும் கொட்டகை ஆட்களும் கல்லால் பூட்டை அடித்துப் பார்த்தார்கள். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தான் பாவி, அசையவில்லை. குழாயைப் பிடுங்கப் பார்த்தார்கள். அதையும் ஆழமாகத்தான் நட்டிருந்தான்.

கொட்டகையில் கணக்குப்பிள்ளை உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினோம். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிப் போட்டுவிட்டுக் கூட வந்தார்கள். பொட்டலைத் தாண்டி, பாடிக்கு இறங்கி, அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். சேறு கணுக்கால் வரை இருந்தது. மாதி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். மருமகள் கத்தவில்லை, என் மணிக்கட்டை மட்டும் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் வெகுநாள் இருந்தது.

கீழே வந்ததும் நாற்காலியைச் சங்கிலிக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. தூக்கி, அந்தப் பக்கம் நின்ற ஜீப்பில் அவளை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதும் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

சாயங்காலம் திரும்பிய மாணிக்கத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் கொட்டகைப் பக்கத்திலிருந்து இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மாணிக்கம் ஆக்சா பிளேடால் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தான். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். அறுத்தான்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டேன்க்கா. இனி எவனாவது கார ஏத்துனா நீங்கதான் குறுக்க படுக்கணும்" என்றான்.

"நான் ஒருத்தி படுத்தா பத்தாது. வழி என்னான்னு யோசிப்போம், வா" என்றேன்.

மூன்று பேர், மூன்று பொட்டல்

நிவேதாவுக்குப் போன் செய்தேன். "படத்துல பாத்தது போதும்மா, ஒருநாள் நேர்ல நடந்து பாரு" என்றேன். சனிக்கிழமை வந்துவிட்டாள். மாணிக்கத்தையும் மாதியையும் அழைத்தேன். மாதியை ஏன் கூப்பிட வேண்டும் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். அவள் வீட்டுக்குப் போகும் வழியில் நின்றுகொண்டு அவளைக் கேட்காமல் எப்படித் திட்டம் போடுவது?

பொட்டலின் புல்லில் வட்டமாக உட்கார்ந்தோம். நிவேதாவின் பூட்ஸுக்குள் அட்டை போய்விட்டது. மாதி உப்பு வைத்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேச்சு சகஜமானது.

மாணிக்கம் ஆரம்பித்தான். "எங்க பொட்டலுக்கு வர்றவங்க..."

மாதி தன் மலையாளம் கலந்த பேச்சில் குறுக்கிட்டாள். "உங்க பொட்டலோ? கம்பம் நடுற மாசம் உங்க பொட்டல். மத்த மாசம் எல்லாம் ஞங்க நடக்கற பொட்டல்."

 மாணிக்கம் சிரித்துவிட்டான். "சரி, நம்ம பொட்டல். போதுமா?"

"வழி திறந்தது நல்லது சேச்சி" என்றாள் மாதி என்னிடம். "ஆனா ஞங்க முற்றத்துல கூடி ஆளு வரண்டா. பிள்ளைங்கள நிறுத்தி போட்டோ எடுக்கண்டா. ஞங்க காட்சிக்கு நிக்கற ஆளு இல்ல."

வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே திறக்கக் கூடாது என்பதும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

நிவேதா தரையிலேயே குச்சியால் கோடு போட ஆரம்பித்தாள். நாங்கள் அழிப்போம், அவள் மறுபடி போடுவாள். வெயில் ஏறி இறங்கி மூடுபனி வரும்வரை அதுதான் வேலை.

கடைசியில் தேறியது இது. வெளி வண்டிகள் கொட்டகையோடு நின்றுவிட வேண்டும். கழிவறையும் குப்பைத் தொட்டியும் அங்கேதான், மேலே எதுவும் கிடையாது. மேலே எல்லோரும் நடந்து வரலாம், யாரும் காசு கொடுக்க வேண்டாம். நடக்க முடியாதவர்களை நம்மூர் ஜீப்காரர்கள் முறை வைத்து ஏற்றிவருவார்கள். பாதையில் பாறைகளை ஒதுக்கிப் போட்டு ஒரு ஜீப் நுழையும் இடைவெளி மட்டும் இருக்கும். அந்த இடத்தில் ஜீப் ஸ்டாண்டு. பூட்டு இல்லை, ஆள் இருப்பார்கள். கம்பக் குழியைச் சுற்றிக் கல் வட்டம், அதற்குள் செருப்பு கூடாது. பொட்டலுக்கு அந்தப் பக்கம், பாடிக்கு இறங்கும் வழி, அந்த வீட்டு ஆட்களுக்கும் அவர்களைத் தேடி வருகிறவர்களுக்கும் மட்டும்.

நிவேதா காலில் ரத்தம் காய்ந்திருந்தது. "இதுல டிசைன் பண்றதுக்கே ஒண்ணும் இல்லீங்களேக்கா" என்றாள். சலித்துக்கொண்டு சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, பொட்டலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

யானையும் வேலியும்

அடுத்த கூட்டத்தில் அந்தத் திட்டத்தை நிவேதாவே எழுந்து விளக்கினாள். ஆனால் அதோடு காரியம் முடியவில்லை.

தோட்ட நிர்வாகத்திலிருந்து வந்தவர், "யானை நடமாட்டம் உள்ள இடம். வேலி, கதவு இல்லாம யார் பொறுப்பு?" என்றார்.

யானை விஷயத்தில் நான் விளையாட மாட்டேன். எங்கள் லயத்திலேயே ஆள் போயிருக்கிறது.

"இருட்டுறதுக்கு முன்னாடி வெளியாளுங்க இறங்கிடணும் சார், அத ஒத்துக்கிறேன். கூத்து நடக்குற ராத்திரிங்கள்ல வனத்துறைக்கு இப்பவும் சொல்லிட்டுத்தான் ஆடுறோம், இனியும் சொல்லுவோம். ஆனா கம்பி வேலி போட்டா யானை நிக்குமா? ஆளுதான் நிக்கும்."

யாரோ சிரித்தார்கள். தீர்மானம் மட்டும் தள்ளிப் போடப்பட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் போனேன். கொழுந்துக்கு லீவு போட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து, அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். ஒரு வாரம் கோப்பு மேலே போயிருக்கும், ஒரு வாரம் கீழே வந்திருக்கும். ஒரு வாரம் அதிகாரி லீவில் இருப்பார். டீ கொண்டுவரும் அம்மாள் எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் எடுத்துவர ஆரம்பித்துவிட்டார். "விடும்மா, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்று கமிஷனர் ஒருமுறை சொன்னார். "இன்னும் கொஞ்ச தூரந்தான சார்" என்றேன்.

வேலி போனது. கண்ணாடி மேடை போனது. கல்ச்சுரல் ஸ்டேஜ் போனது. டிக்கெட் கவுன்ட்டரைத்தான் விடமாட்டேன் என்றார்கள். ஜீப்காரர்கள் எல்லோரும் மாணிக்கத்தோடு கூட்டத்துக்கு வந்து, குப்பையையும் கழிவறையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்து சொன்ன பிறகு அதுவும் போய், தீர்மானம் நிறைவேறியது.

நுழைவு வளைவு மட்டும் போகவில்லை. அதற்கு டெண்டர் விட்டாகிவிட்டதாம். நிறுத்த முடியாதாம். சரி, கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

லாரியில் வந்த கதவு

கொட்டகைக்குப் பக்கத்தில், பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் வளைவு எழுந்தது. பாறைகளை ஜேசிபி கொண்டுவந்து போட்டார்கள். நிவேதா மழையில் நனைந்துகொண்டே நின்று ஒவ்வொரு பாறையும் எங்கே என்று காட்டினாள். எல்லாம் நன்றாக முடிகிறது என்று நினைத்த நேரத்தில், ஒரு காலை லாரியில் இரண்டு இரும்புக் கதவுகள் வந்து நின்றன.

வளைவின் தூண்களைப் பார்த்தேன். கதவை மாட்டுவதற்கான கொண்டிகளை முன்பே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கண்ணில் படவே இல்லை.

கமிஷனருக்குப் போன் செய்தேன்.

"எஸ்டிமேட்ல கதவு இருக்கும்மா. வளைவுன்னா கதவோட சேர்த்துத்தான்."

"தீர்மானத்துல கதவு இல்லீங்களே சார்."

"மாட்டி வைக்கட்டும். பூட்டாம இருந்தா சரிதானே?"

"பூட்டாத கதவு எதுக்கு சார்? என்னைக்கோ ஒருநாள் பூட்டுறதுக்குத்தான."

அவர் போனை வைத்துவிட்டார்.

நான் வளைவுக்கு நடுவில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாணிக்கம் வந்து ஒரு தூணில் சாய்ந்துகொண்டான். பாடியிலிருந்து மாதி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மற்ற தூணருகே நின்றாள். பறித்துக்கொண்டிருந்தவர்கள் மத்தியானச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து பிரித்தார்கள். லாரிக்காரர் பாவம், மேட்டுப்பாளையத்து ஆள். அவருக்கும் சமபந்தியாக ஒரு பிடி சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தோம்.

மழை வந்தது. நாங்கள் நகரவில்லை. லாரிக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏனுங்க, மலையில இருட்டுனா எனக்கு வண்டி இறக்கத் தெரியாதுங்க. நான் கொண்டுட்டே போயிர்றனுங்க" என்று கதவுகளோடு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கமிஷனரே போன் செய்தார். "கதவு குடோன்ல இருக்கட்டும்மா. இப்போதைக்கு" என்றார்.

அந்த மாசியில் கம்பம் நட்டோம். மண்ணில்தான். கீழே கொட்டகையில் கார்களை நிறுத்திவிட்டு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நடந்து ஏறிவந்தார்கள். சிலர் மூச்சு வாங்க வந்து, டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டார்கள். டிக்கெட் இல்லை, வட்டத்துக்குள் செருப்பு மட்டும் வேண்டாம் என்று சொன்னோம். தகராறு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாடிப் பக்கம் இறங்கப் பார்த்தான். அவன் தோளில் கையைப் போட்டுத் திருப்பி அழைத்துவந்தது ரதி வேஷக்காரன்தான்.

இப்போதும் பொட்டல் திறந்துதான் இருக்கிறது. எனக்குப் பதவி இன்னும் கொஞ்ச நாள்தான். போன வாரம் காதில் ஒரு சேதி விழுந்தது: குடோனில் துருப்பிடித்துக் கிடக்கும் கதவுகளுக்கு வர்ணம் அடிக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரர் கேட்டார், "இன்னுமா விடமாட்ட?"

சோற்றைக் கட்டி, குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.